முயல் மேல் போட்ட பழி

படர்தாமரையைச் சோதிக்க யாராவது எங்கள் ஆய்வகத்துக்கு வந்தால், "வீட்டில் பூனை, முயல் ஏதாவது வளர்க்கிறீர்களா?" என்று கேட்பது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் இடுப்பைச் சுற்றி வட்ட வட்டமாக அரிப்போடு வந்த ஓர் அம்மாவிடமும் கேட்டேன். ஒரு வெள்ளை முயல் இருந்தது.

வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டி எடுத்த செதிலை, பூஞ்சை வளர்க்கும் ஊட்டக் கூழான சபுரோ அகாரில் போட்டோம். பத்து நாளில், கோலமாவைத் தூவியது போல வளர்ந்து நின்றது. நீலச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் கொத்தாக நுண்வித்துகள், இடையிடையே ஸ்பிரிங் போலச் சுருண்ட இழைகள். 'ட்ரைக்கோஃபைட்டன் மென்டக்ரோஃபைட்டிஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எலி, முயல், கினிப்பன்றியிடமிருந்து ஒட்டும் என்று நாங்கள் படித்த பூஞ்சை அது. முயலை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அரிப்பு மட்டும் போகவில்லை. அடுத்து கணவருக்கு, அப்புறம் மகளுக்கு.

பாவம் அந்த முயல்.

மரபணு வரிசையைப் பார்க்க அனுப்பியதும் குட்டு வெளிப்பட்டது. அது ட்ரைக்கோஃபைட்டன் இன்டோடினியே. ஜப்பானில் நேபாள, இந்திய நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளைக் கொண்டு 2020-ல் தனி இனமாகப் பெயர் பெற்றது. பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. விலங்கிலும் எப்போதாவது அகப்படும். ஆனால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள்தான், ஒரே துண்டு, ஒரே படுக்கை வழியாகப் பரவுகிறது. தட்டில் வளரும்போது பழைய இனத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். ஐ.டி.எஸ். என்ற மரபணுப் பகுதியைப் படித்தால்தான் பிடிபடும்.

பெயர் எதுவானால் என்ன என்று விட முடியாது. படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரை பூஞ்சையின் ஒரு நொதியைப் பூட்டுகிறது. இந்த இனத்தில் பலவற்றுக்கு அந்த நொதியின் 397-ஆவது அமினோ அமிலமே மாறியிருக்கிறது. சாவி பூட்டில் சேராது. மாதக்கணக்கில் விழுங்கியும் பலனில்லாமல் வருகிறவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இட்ரகோனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்துக்கு மாற்றுகிறார்கள்.

இன்னொரு தலைவலி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும். பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். வட்டத்தின் ஓரம் மங்கிவிடுவதால் எங்கே சுரண்டுவது என்று எங்களுக்கும் தெரியாமல் போகும்.

இப்போது முயலைப் பற்றிக் கேட்பதற்கு முன், "வீட்டில் வேறு யார் சொறிகிறார்கள்?" என்று கேட்கிறேன். சோதனைக்கு வரும்போது இதுவரை தடவிய டியூப்களை, காலியானாலும் சரி, கையோடு கொண்டு வாருங்கள்.