பேதிக்கு ஓஆர்எஸ் ஏன் வேலை செய்யுது? குடல் செல்லோட சவ்வுலதான் பதில் இருக்கு

பேதின்னு குழந்தைய தூக்கிட்டு வர்றவங்ககிட்ட ஓஆர்எஸ் (தண்ணில கலக்கி குடுக்கற உப்பு-சர்க்கரை பொடி) குடுத்தீங்களான்னு கேட்டா, நிறைய பேர் அட்டை டப்பால வர்ற இனிப்பு ஜூஸ எடுத்துக் காட்டறாங்க, இல்லன்னா ஒரு டம்ளர் தண்ணில பாதி பாக்கெட்ட கொட்டி கலக்கினேன் டாக்டர்ங்கறாங்க. ரெண்டுமே ஆபத்து, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

ஏன்னு சொல்றேன். நம்ம செல் ஒவ்வொண்ணையும் சுத்தி இருக்கறது கொழுப்பாலான சவ்வு. பாஸ்போலிப்பிட்ங்கற கொழுப்பு மூலக்கூறுங்க ரெண்டு அடுக்கா நிக்கும், தண்ணியோட ஒட்டற தலை ரெண்டு வெளிப்பக்கமும், தண்ணியே ஆகாத வால் நடுவுலயும், இடையிடையே கொலஸ்ட்ரால். ஒரு மில்லிமீட்டர்ல லட்சத்துல ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது, ஆனா உப்பும் சர்க்கரையும் அத தாண்டி தானா போக முடியாது. சவ்வுல பதிஞ்சிருக்கற புரதங்கதான் அதுங்களுக்கு கதவு.

குடல் செல்லுல எஸ்ஜிஎல்டி1னு ஒரு புரதம் இருக்கு, ரெண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோஸையும் சேத்துதான் உள்ள இழுக்கும், பின்னாடியே தண்ணியும் போகும். காலரால என்ன ஆகுதுன்னா, கிருமியோட விஷம் குளோரைடு வெளிய போற வேற கதவ திறந்தபடியே வெச்சிடுது, தண்ணி கொட்டோ கொட்டுனு கொட்டுது, ஆனா எஸ்ஜிஎல்டி1 மட்டும் கெடாம வேலை செஞ்சிட்டே இருக்கு! 1971ல வங்கதேச அகதிங்க முகாம்ல டிரிப்ஸ் பாட்டில் தீந்து போனப்ப டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு-சர்க்கரை கரைசல டிரம்ல கலக்கி குடுத்து அத்தன உயிர காப்பாத்தினது இந்த ஒரு புரதத்த நம்பித்தான்.

அதனாலதான் அளவு முக்கியம். 2002ல இருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்றது லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பாக்கெட்ல இருக்கற சிட்ரேட்லேர்ந்து வர்ற சோடியத்தையும் சேத்து, கிராம்ல இல்லாம எண்ணிக்கைல பாத்தா சோடியமும் குளுக்கோஸும் சரிக்கு சரி. ஜூஸ்ல சர்க்கரை ஜாஸ்தி, உப்பு கம்மி, உள்ள போக முடியாத சர்க்கரை குடல்லயே தங்கி உடம்புத் தண்ணிய வெளிய இழுக்கும், பேதி இன்னும் கூடும். டம்ளர்ல கெட்டியா கலக்கினா ரத்தத்துல சோடியம் ஏறி வலிப்பே வரலாம்.

பெரிய பாக்கெட்னா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவெச்ச தண்ணில முழுசா கொட்டுங்க. ரெண்டு வயசுக்குள்ளன்னா ஒவ்வொரு தடவ போனதுக்கப்புறமும் 50-லேர்ந்து 100 மில்லி, ஸ்பூன்ல. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி மெதுவா குடுங்க, தாய்ப்பால நிறுத்தாதீங்க. கண்ணு குழி விழுந்து, ஒண்ணுக்கு போகாம, துவண்டு கிடந்தா வீட்ல வெச்சு பாக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு வாங்க.