முட்டை கூமுட்டையானால் கோழியையா குற்றம் சொல்வது?

பத்து முட்டை வைத்து மூன்று குஞ்சுதான் பொரித்தது என்றால், இடி இடித்துவிட்டது என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள், கடைசியில் கோழி சரியில்லை என்பார்கள். கால்நடை மருந்தகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக் கேட்டு என் காது பழகிவிட்டது. கோழியைக் குறை சொல்லும்போது மட்டும் கோபம் வரும். சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிக்கு அடைகாக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாளுக்கு ஒருமுறை இறங்கி, அவசரமாக நாலு தானியம் பொறுக்கி, தண்ணீர் குடித்து, நாற்றமெடுக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். நெஞ்சு இறகை உதிர்த்துத் தோலின் சூட்டை நேராக முட்டைக்குக் கொடுக்கும். அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் பிழை நடப்பது கோழி அடையில் உட்காருவதற்கு முன்பே.

நாட்டுக்கோழி ஒரு சுற்றில் 12 முதல் 15 முட்டை வரை இடும். நடுநடுவே நாள் விட்டுத்தான் இடும் என்பதால், கடைசி முட்டை வரும்போது முதல் முட்டைக்கு இரண்டு வாரம் தாண்டியிருக்கும். கரு முழுதாக வளரச் சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஆனால் 25 டிகிரியைத் தாண்டினாலே அது மெல்ல வளரத் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் 35 டிகிரி சாதாரணம். அந்த அரைகுறைச் சூட்டில் தொடங்கிய கரு, வளரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் செத்துப்போகிறது. அதன் பிறகு கோழி 21 நாள் தவம் கிடந்தும் பயனில்லை.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். இட்ட அன்றே முட்டையை எடுத்து, பென்சிலால் தேதி எழுதுங்கள். வீட்டின் குளிர்ந்த மூலையில் ஒரு மண்சட்டியில் ஆற்று மணலைப் பாதி நிரப்பித் தண்ணீர் தெளித்து, மேலே பருத்தித் துணி விரித்து, குறுகிய முனை கீழே இருக்கும்படி முட்டைகளை வையுங்கள். அடைக்குக் கடைசியில் இட்ட முட்டைகளே நல்லவை. கோடையில் நான்கைந்து நாள், குளிர்காலத்தில் ஒரு வாரம், அதற்கு மேல் பழையவற்றை ஆம்லெட்டுக்கு அனுப்பிவிடலாம். முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே போகும். கோழியின் உடம்புக்கு அடங்குகிற அளவே வையுங்கள், பத்துப் பன்னிரண்டு போதும். ஓரத்தில் பிதுங்கி நிற்கும் முட்டை மாறி மாறிக் குளிர்ந்து, நல்ல முட்டைகளையும் கெடுக்கும்.

ஏழாம் நாள் இரவு, செல்போன் விளக்கின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால் போல ஓடும் ரத்தக் குழாய்களும் தெரிந்தால் கரு நலம். ஒன்றுமே இல்லாமல் வெளிச்சமாக இருந்தால் கரு உருவாகவே இல்லை. சேவலைக் கவனியுங்கள், எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். ரத்தம் ஒரு வளையமாக நின்றுவிட்டிருந்தால் கரு தொடங்கிச் செத்திருக்கிறது. கோடையில் எனக்குக் காட்டப்படும் முட்டைகளில் இந்த வளையம்தான் அதிகம். இடிக்கு அஞ்சிக் கூடையில் இரும்புத்துண்டும் கரியும் வரமிளகாயும் போடுகிறார்களே, அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. போட்டுக்கொள்ளுங்கள். மணல்சட்டியையும் வையுங்கள்.

அடையில் நன்றாக உட்கார்ந்த கோழி பாதியில் எழுந்துவிட்டால் கதை வேறு. ஒரு பாட்டி வயர் கூடையில் கோழியைக் கொண்டுவந்து, "தம்பி, இது திமிர் பிடித்த கோழி, இன்னும் ஐந்து நாள் பொறுக்கவில்லை" என்றார். கொண்டை வெளுத்துக் காகிதம்போல் இருந்தது. வாலடி இறகைப் பிரித்தால், மணலைத் தூவியதுபோல் செல் ஓடுகிறது, ரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சி. இரண்டைக் காகிதத்தில் வைத்து நசுக்கிக் காட்டினேன், சிவப்பாகத் தீற்றியது. "இவ்வளவும் இதன் ரத்தமா?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு கோழியைத் திட்டவில்லை. அடைக்கோழி நகராது, மண்குளியலும் குறைவு. செல்லுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அரிப்புத் தாங்காமல் எழும், எழாதது சோகை பிடித்துச் சாகும்.

அடை வைக்கும் முன் பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கூடையை வெயிலில் காயவைத்து, கூண்டின் இடுக்குகளில் சுண்ணாம்பு அடியுங்கள். சாம்பலும் மணலும் கலந்த குழியில் கோழியைச் சில நாள் புரளவிடுங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேல் தெளிக்கவே கூடாது. அது நெஞ்சுக்கு அடியில் இருக்கும் முட்டைக்கும், பிறகு அதே இறகுக்குள் ஒண்டும் குஞ்சுக்கும் போகிறது. செல் அதிகமிருந்தால் மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்குங்கள்.

பொரிக்கும் நாளில் கைவைக்காதீர்கள். ஓட்டில் விரிசல் விழுந்து குஞ்சு வெளிவர அரை நாளுக்கு மேல் ஆகலாம். மிச்ச மஞ்சள் கரு அப்போதுதான் வயிற்றுக்குள் இழுபடுகிறது. உரித்து உதவினால் ரத்தம் கசியும். உள்ளே போன மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாங்கும், ஆகவே முதல் நாளே தீவனம் திணிக்க அவசரமில்லை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் குஞ்சு விழுந்து நனைந்து விறைத்துவிடும். காகத்திடமும் கீரியிடமும் இருந்து காக்கக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை இருக்கிறது.

அடை வேண்டாத நேரத்தில் கோழி உட்கார்ந்தால் மூக்கில் இறகு செருகுவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் வதை. அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக்கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் அடைத்தால் தானே தெளிந்துவிடும்.

பஞ்சாரத்தால் தடுக்க முடியாதது வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோய். ஒரு வாரத்தில் தொழுவத்தையே காலி செய்யும். வந்தபின் மருந்து கிடையாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் தடுப்பூசி என்று தொடங்க வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறையின் முகாம் பிப்ரவரியில் வரும்போது பெரிய கோழிகளையும் பிடித்து வையுங்கள். சிக்கல் எங்கே என்றால், சொட்டு மருந்துக் குப்பி நூறு குஞ்சுக்கு வருகிறது; கலக்கியபின் பனிக்கட்டியில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருப்பவர் அதை வாங்கத் தயங்குவது நியாயம்தான். அதனால் நான் சொல்வது இதுதான்: தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டு ஒரே வாரத்தில் அடை வையுங்கள். குஞ்சுகள் ஒன்றாகப் பொரிக்கும், ஒரே குப்பியை ஒரே காலையில் பங்கிட்டுக்கொள்ளலாம்.