மலிவு விலைக் குதிரை: விலை ஏன் இறங்கியது என்று முதலில் கேளுங்கள்

"டாக்டர், ஒரு குதிரை மலிவா வருது, வந்து பாத்துச் சொல்றீங்களா?" என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஏன் மலிவாக வருகிறது? பெரும்பாலும் "அவருக்கு அவசரமாம்" என்பார்கள். அந்த அவசரம் என்னவென்று விசாரித்தவர்கள் குறைவு.

குதிரைக்கு அச்சிட்ட விலை கிடையாது. அதே குதிரை, அதே பல், அதே நடை. ஆனால் இரண்டு மாத இடைவெளியில் வேறு விலை சொல்வார்கள். அந்த விலை இறங்கியதற்குக் காரணம் விற்பவரின் நிலைமையா, குதிரையின் நிலைமையா என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதலாவதால் இறங்கியது என்றால் உங்களுக்கு லாபம். இரண்டாவதால் என்றால், அந்தக் குறையோடு உங்களால் காலம் தள்ள முடியுமா என்பது அடுத்த கேள்வி.

விற்பவரின் நிலைமையை அதிகம் ஆட்டிவைப்பது தீவனம். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர்தீவனம் தின்னும்; ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்கு மேல். மேய்ச்சல் பச்சையாக இருக்கும்வரை இந்தக் கணக்கு உறைக்காது. புல் தீரும் பருவம் நெருங்கும்போது, அது குளிர்காலமோ வறண்ட காலமோ, "இன்னும் நாலு மாதம் இதைக் கட்டித் தீனி போட வேண்டுமா?" என்று யோசிக்கத் தொடங்குவார்கள். அப்போது விற்பனைக்கு வரும் குதிரைகள் கூடும், விலை இறங்கும். புல் திரும்பி, சவாரிக்கு ஏற்ற காலம் வந்ததும் வாங்குகிறவர்கள் கூடிவிடுவார்கள். மழை பொய்த்து உலர்புல் விலை ஏறிய ஆண்டில் இந்தச் சரிவு இன்னும் செங்குத்தாக இருக்கும். ஆனால் மலிவுக் காலத்தில் வாங்குகிறவர் விலையுயர்ந்த தீவனத்தையும் சேர்த்தே வாங்குகிறார். கையில் நாலு மாதத் தீவனம் இல்லாமல் அந்த விலையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

வரத்து ஏன் இவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதற்குக் குதிரையின் உடலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். குட்டி பிறந்து, பழக்கி, ஆள் ஏற்றிச் சவாரிக்குக் கொண்டுவர இன்னும் மூன்று நான்கு ஆண்டு. ஆக, இன்று தேவை கூடியது என்று ஒருவர் இனப்பெருக்கத்தில் இறங்கினால், அந்தக் குதிரை சந்தைக்கு வர நான்கைந்து ஆண்டாகும். அதற்குள் தேவை இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. பணப்புழக்கம் வற்றிய காலத்தில் குட்டி ஈனவைப்பதைக் குறைப்பார்கள். அந்தப் பற்றாக்குறையும் சில ஆண்டு கழித்துத்தான், பழகிய குதிரை கிடைக்கவில்லை என்ற புலம்பலாக வெளியே வரும்.

இந்த ஆட்டத்தில் அதிகம் அடிபடுவது சந்தையின் கீழ்த்தட்டு. அமெரிக்காவில் 2007-இல் கடைசிக் குதிரை இறைச்சிக்கூடங்களும் மூடப்பட்டன. 2011-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அதனால் குறைந்த, நடுத்தர விலைக் குதிரைகளின் விலை 8 முதல் 21 சதவீதம் வரை சரிந்ததாக மதிப்பிட்டது. உயர்விலைக் குதிரைகளை அது அந்த அளவு தொடவில்லை. போட்டிக் குதிரை வாங்குகிறவரைவிட, சிக்கனமாக வாங்க நினைக்கிறவர்தான் சந்தை நிலவரத்தைக் கவனிக்க வேண்டியவர்.

அடுத்தது, எந்தக் குதிரை கிடைக்கும் என்பது. எல்லோரும் கேட்பது ஒரே குதிரையைத்தான்: எட்டு முதல் பன்னிரண்டு வயது, காயடித்த ஆண், சாது, வண்டிச் சத்தத்துக்கு மிரளாது, புதிதாகக் கற்கிறவரும் ஏறலாம், நோய் இல்லை, விலையும் குறைவு. அப்படியொன்று இருந்தால் அது விளம்பரத்துக்கே வராது. பயிற்சியாளர், லாடம் அடிப்பவர், பக்கத்து லாயக்காரர் என்று வாய்வழியாகவே கைமாறிவிடும். ஆகவே தேடத் தொடங்கியதும் முதலில் சொல்லிவைக்க வேண்டியது லாடம் அடிப்பவரிடம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு லாயத்துக்கும் போகிறவர் அவர். எந்தக் குதிரை கால் தூக்கக் கொடுக்கும், எது உதைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

மலிவில் எப்போதும் கிடைப்பவை மூன்று வகை: பழக்காத இளங்குதிரை, பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்டது, வயதானது. முதல் வகையை, குதிரை பழக்கி அனுபவம் இல்லாதவருக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. குழந்தையும் குட்டியும் சேர்ந்து வளரட்டும் என்று சொல்லும் பெற்றோர் உண்டு. இருவருக்குமே ஒன்றும் தெரியாது என்பதுதான் அதிலுள்ள சிக்கல். பந்தயக் குதிரைகள் நான்கைந்து வயதிலேயே கைவிடப்படுவதால் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் நல்லவை நிறைய. ஆனால் பெரும்பான்மைக்கு இரைப்பைப் புண் இருக்கும், பந்தயத்துக்கு மட்டுமே பழகியவற்றைச் சவாரிக்கு மறுபடி பழக்க வேண்டும். முன்காலின் பின்பக்கம், முட்டிக்குக் கீழே ஓடும் தசைநாரைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பாருங்கள். வில்போல வெளியே வளைந்திருந்தாலோ ஓரிடத்தில் தடித்திருந்தாலோ பழைய காயம் என்று பொருள்.

என் பரிந்துரை வயதானவற்றுக்குத்தான். 15 வயதைத் தாண்டினால் விலை நன்றாக இறங்கிவிடும், ஆனால் குதிரையின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. மிதமான சவாரிக்கு இன்னும் பல ஆண்டு உழைக்கும். அது பார்க்காததும் குறைவு, பார்த்து மிரள்வதும் குறைவு. மூட்டு வாதமும் சுரப்பி நோய்களும் வரக்கூடிய வயது என்பதால் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். வெயில் காலத்திலும் உதிராத நீண்ட ரோமம் இருந்தால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் வாங்காதீர்கள்.

வயதைப் பற்றிப் பொய் சொல்வது சகஜம். தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையின் பல்லைப் பார்த்தே தீர வேண்டும். நிரந்தர வெட்டுப்பற்கள் நடுவில் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தவை நாலரையிலும் முளைக்கும். ஐந்து வயதுவரை கணக்கு கச்சிதம். சுமார் 10 வயதில் மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் ஈறை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு தலைகாட்டும். 15-இல் பாதிப் பல்வரை, 20-இல் முழுப் பல்லுக்கும் ஓடியிருக்கும். பத்துக்கு மேல் இதெல்லாம் மதிப்பீடுதான், பிறந்த தேதி அல்ல. ஆனால் ஒன்பது என்று விற்கும் குதிரையின் பல்லில் கோடு பாதிக்கு வந்திருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள். கையோடு மேல்வெட்டுப்பற்களின் முன்விளிம்பையும் பாருங்கள். அங்கே தேய்ந்திருந்தால் கட்டையைக் கடித்துக் காற்று விழுங்கும் பழக்கம் இருக்கலாம்.

குதிரையைப் பார்க்கப் போகும் நாளில், சேணம் கட்டித் தயாராக நிறுத்தியிருக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மேயும் இடத்தில் பிடிப்பது, கயிறு மாட்டுவது, கடிவாளம் போடுவது, வயிற்றுவாரை இறுக்குவது என்று ஒவ்வொன்றும் உங்கள் கண்முன் நடக்க வேண்டும். போனதும் சேணத்தின் இடத்தில் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வியர்வை காய்ந்து ரோமம் விறைத்திருந்தால், காலையிலேயே ஓடவைத்துக் களைப்பாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கால்கள் மட்டும் ஈரமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்; குளிர்ந்த நீர் வீக்கத்தின் சூட்டை மறைக்கும். கீழுதடு தொங்கி, தலை தாழ்ந்து, எதிலும் அக்கறையின்றி நிற்கும் குதிரை சாதுவாகவும் இருக்கலாம், மயக்க மருந்து போட்டதாகவும் இருக்கலாம்.

பிறகு கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, நேர்கோட்டில் துள்ளுநடை விடச் சொல்லுங்கள். தலையை மட்டும் கவனியுங்கள். முன்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தாழும். சிறு வட்டத்தில் சுற்றவிட்டால் மறைந்திருப்பதும் தெரியும். குளம்பின் சுவரில் வளையங்கள் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிப்பக்கம் அகலமாகவும் விரிந்திருந்தால் குளம்பழற்சி வந்துபோயிருக்கிறது. மலிவுக்குப் பின்னால் நான் அதிகம் காணும் காரணம் இதுதான். சரியான தீனிக் கட்டுப்பாட்டில் சமாளிக்கக்கூடியது, ஆனால் வாழ்நாள் முழுக்கக் கட்டுப்பாடு.

எலும்பும் தோலுமான குதிரையைப் பரிதாபப்பட்டு வாங்குகிறவர்கள் தனி ரகம். நல்ல மனசுதான். ஆனால் பட்டினி கிடக்கும் குதிரையின் சாதுத்தனத்தை அதன் குணம் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று மாதம் வயிறாரத் தின்றபின் நிற்பது வேறு குதிரை. தேற்றுவதிலும் ஆபத்து உண்டு: வந்த அன்றே தானியத்தைக் கொட்டினால் உயிருக்கே ஆபத்தாகலாம். நல்ல உலர்தீவனத்தைச் சிறுசிறு அளவாக, அடிக்கடி, மருத்துவர் சொல்லும் கணக்கில் கூட்டிக்கொண்டுபோக வேண்டும்.

இணையத்தில் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலவரத்தைவிட மிகக் குறைந்த விலை, அழகான படங்கள், "இன்னொருவர் முன்பணத்தோடு வருகிறார், இன்றே அனுப்பினால் உங்களுக்கு" என்ற பேச்சு, இவை மூன்றும் சேர்ந்தால் குதிரையே இல்லாமலிருக்கலாம். படங்கள் வேறொருவருடையதாக இருக்கும். பார்க்காமல் ஒரு காசும் அனுப்ப வேண்டாம். அதே குதிரை மாதக்கணக்கில் விலை இறங்கி இறங்கி வருகிறது என்றால் முன்பே வந்து பார்த்தவர்கள் ஏன் விட்டுப்போனார்கள் என்று நேராகவே கேளுங்கள்.

"குதிரையே மலிவு, அதற்குப் பரிசோதனைச் செலவு எதற்கு?" என்பது நான் அடிக்கடி கேட்பது. நொண்டும் குதிரையும் ஓடும் குதிரையும் ஒரே அளவுதான் தின்னும். லாடம், குடற்புழு நீக்கம், ஆண்டுக்கொருமுறை பல் ராவுதல், தடுப்பூசி எதிலும் சலுகை கிடையாது. தனியாக இருக்கப் பிறந்த விலங்கு அல்ல என்பதால் துணைக்கு இன்னொன்றும் தேவைப்படலாம். ஓராண்டுப் பராமரிப்பைக் கூட்டிப் பார்த்தால் மலிவாக வாங்கிய விலை பல இடங்களில் அதற்குள் அடங்கிவிடும். அது கட்டுப்படியாகாது என்றால் குத்தகைக்கோ, ஒருவரோடு பங்குக்கோ எடுப்பது கௌரவக் குறைச்சல் அல்ல. ஓராண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

பரிசோதிப்பவர் விற்பவரின் குதிரைகளை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவராக இருக்கக் கூடாது. பிரிட்டனில் இதற்கு ஐந்து கட்ட முறை இருக்கிறது: நிறுத்திவைத்துப் பார்ப்பது, கையில் பிடித்து நடத்தி ஓடவிடுவது, சவாரியில் மூச்சையும் இதயத்தையும் சோதிப்பது, ஓய்வு, மறுபடி ஓட்டம். பணம் போதவில்லை என்றால் முதல் இரண்டையாவது செய்யுங்கள். அன்றே ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் வைக்கச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே வழக்கமாக ஆறு மாதம் பாதுகாப்பார்கள். வாங்கிய மூன்றாம் வாரம் குதிரை நொண்டினால், பார்த்த நாளில் வலிநிவாரணி உடலில் இருந்ததா என்று அந்த ரத்தத்தைச் சோதித்துவிடலாம். ரத்தம் எடுக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் விலை பேச வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.