ஒரே கறுப்பு மையில் எத்தனை சாம்பல்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "போர் விமானங்களைப் பேனா மையில் வரைகிறேன். நிழலுக்காகக் கோடு மேல் கோடு போட்டுக்கொண்டே போனால் வெகுநேரம் எதுவும் மாறாத மாதிரி இருக்கிறது. பிறகு திடீரென்று இறக்கை முழுக்கக் கறுத்துவிடுகிறது. பேனா சரியில்லையா?"

பேனாவைக் குறை சொல்ல வேண்டாம். காகிதமும் கண்ணும் கூட்டு சேர்ந்து செய்கிற காரியம் அது.

நிழலுக்கு முந்தைய வேலைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அடிப்படை வரைவுக்கு 2எச் பென்சில் போதும், அதையும் அழுத்தக் கூடாது. கிராஃபைட் தடித்துப் படிந்த இடத்தில் நீர்சார்ந்த மை ஒட்டாமல் கோடு விட்டுவிட்டு விழும். ஸ்கேலின் சரிவான பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். விளிம்பு காகிதத்திலிருந்து சற்றே தூக்கி நிற்கும். விளிம்பு காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், நுண்துளை ஏற்றத்தால் ஈர மை அந்த இடுக்குக்குள் பாய்ந்து ஒரு நொடியில் கோடு குளமாகிவிடும்.

அளவையும் கணக்கில் வையுங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானமான பி-51டி மஸ்டாங்கின் நீளம் 9.83 மீட்டர். 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் சுமார் 137 மி.மீ., ஏ4 தாளில் வசதியாக அடங்கும். அந்த அளவில் 0.2 மி.மீ. பேனாக்கோடு நிஜ விமானத்தில் 14 மி.மீ. அகலப் பட்டைக்குச் சமம். உலோகத் தகடுகளின் இணைப்பு இடைவெளி அதைவிட எவ்வளவோ குறுகலானது. எல்லா இணைப்புகளையும் முழுக்கோடாகப் போட்டால் விமானம் செங்கல் சுவர் மாதிரி ஆகிவிடும். நிழல் பக்கத்தில் மட்டும், விட்டுவிட்டுப் போடுங்கள். ரிவெட்டுகளை மறந்துவிடலாம்.

இனி சாம்பல். மையில் சாம்பல் இல்லை. கோடு எவ்வளவு இடத்தை மூடுகிறது, வெள்ளை எவ்வளவு மிஞ்சுகிறது என்ற விகிதம்தான் சாம்பல். 0.2 மி.மீ. கோடுகளை 0.8 மி.மீ.க்கு ஒன்றாகப் போட்டால் 25 விழுக்காடு மூடப்படும். அதன் குறுக்கே அதே மாதிரி இன்னொரு அடுக்கு போட்டால் 50 ஆகாது. இரண்டாவது அடுக்கின் கால் பங்கு ஏற்கெனவே கறுத்த இடத்தில் விழுந்து வீணாகிறது. மிஞ்சிய 75இல் கால் பங்குதான் கூடுதல் என்பதால் மொத்தம் 44. மூன்றாவது அடுக்குக்கு 58. ஒவ்வொரு அடுக்கின் பலனும் முந்தையதைவிடக் குறைவு. அப்படியென்றால் படம் மெல்ல மெல்லத்தானே கறுக்க வேண்டும்?

காகிதம் அப்படி விடுவதில்லை. மை ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சு குறைவான தாளில் மை இழைகளின் வழியே ஊறிப் பரவும். கோட்டின் இரு பக்கமும் 0.03 மி.மீ. பரவினாலே போதும், முதல் அடுக்கு 32 விழுக்காட்டைத் தாண்டும், இரண்டாவது 54ஐத் தொடும். இது கண்ணுக்குத் தெரிகிற திருட்டு. தெரியாத திருட்டு ஒன்றும் உண்டு. இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள வெள்ளையில் விழும் ஒளி அங்கேயே திரும்புவதில்லை. தாளுக்குள் புகுந்து, இழைகளில் மோதிச் சிதறி, பக்கத்தில் வெளிவரப் பார்க்கிறது. அங்கே மேலே மைக்கோடு இருந்தால் ஒளி அதற்குள் மாட்டிக்கொள்ளும். அதனால் தூய வெள்ளை இடைவெளியும் கொஞ்சம் மங்கும். மூடிய பரப்பு ஒன்றாகவே இருந்தாலும், மெல்லிய நெருங்கிய கோடுகள் தடித்த அகன்ற கோடுகளைவிடக் கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. இந்த விளைவுக்கு யூல், நீல்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1951இல் சமன்பாடு தந்தார்கள். காகிதத்துக்குள் ஒளி எங்கே போகிறது என்று பார்ப்பதற்கெல்லாம் காசா என்று கேட்கும் நிதிக் குழுக்கள் இதை ஒருமுறை படித்தால் தேவலை.

கடைசிக் கூட்டாளி கண். ஒளி, நிற அளவீடுகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான சிஐஇ 1976இல் வகுத்த அளவுகோலில் வெள்ளைக்கு 100, கறுப்புக்கு 0. வெற்றுத் தாளில் முதல் 10 விழுக்காட்டை மூடினால் தெரியும் வெளிச்சம் 100இலிருந்து 96க்குத்தான் இறங்கும். ஏற்கெனவே 80 மூடியிருக்கும் இடத்தை 90 ஆக்கினால் 52இலிருந்து 38க்கு விழும். ஒரே அளவு மைதான், ஆனால் மூன்று மடங்குக்கு மேல் சரிவு. வாசகர் கண்ட "ஒன்றும் மாறவில்லை, திடீரென்று கறுப்பு" இதுதான். கைராசி இல்லை என்று நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

ஆகவே வரையப்போகும் அதே தாளில், அதே பேனாவால், 2 செ.மீ. கட்டங்களில் ஒரு சாம்பல் ஏணி போட்டு வையுங்கள்: 0.8, 0.5, 0.4 மி.மீ. இடைவெளிகள், பிறகு இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு. உருமறைப்பு வண்ணத்தின் வெளிர் பகுதிக்கு 0.8, அடர் பகுதிக்கு 0.5 என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம். இரண்டாம் அடுக்கை 5 பாகை மட்டும் சாய்த்தால் சுமார் 9 மி.மீ. அகலத்தில் அலைப்பட்டைகள் தோன்றி இறக்கை நெளிந்ததாகத் தெரியும். 60 பாகையாவது சாயுங்கள். முதல் அடுக்கு காயும்வரை பொறுங்கள். ஈரக்கோடுகள் சந்திக்கும் மூலைகளில் பரப்பு இழுவிசை மையை இழுத்து நிரப்ப, அங்கே கறுப்பு முக்கோணங்கள் முளைக்கும்.

திடீர்க் கறுப்பு வேண்டிய இடமும் உண்டு: வண்ணம் பூசாத அலுமினிய உடல். மங்கலான வண்ணத்தில் நிழல் மெதுவாக இறங்கும். பளபளக்கும் உலோகம் சுற்றுப்புறத்தைக் காட்டும் கண்ணாடி. உருளை உடலைப் பக்கவாட்டில், நேர்மட்டத்தில் பார்க்கும்போது மேற்பரப்பு 10 பாகை சாய்ந்தால் பிரதிபலிப்பு 20 பாகை ஏறும். எனவே தொடுவானம் சரியாக நடுக்கோட்டில் விழும், உச்சிவானம் ஆரத்தின் 70 விழுக்காடு உயரத்திலேயே முடிந்துவிடும். நடுக்கோட்டுக்கு மேலே வெறும் தாளை விடுங்கள், 70 வரை கோடுகளை நெருக்கிக்கொண்டே போங்கள், அதற்கு மேல் மீண்டும் தளர்த்துங்கள். நடுக்கோட்டுக்குக் கீழே தரையின் பிரதிபலிப்பு. அங்கே படிப்படியாக இறங்காமல், மூன்றடுக்கு அடர்த்தியில் கத்தி விளிம்பு மாதிரி தொடங்குங்கள்.