பன்றிக்குப் போட்டது வளைக்கரடியா?

சரிபார்க்க வந்த ஒரு சிறுகதை மொழிபெயர்ப்பு. வட அயர்லாந்தில் ஒரு பண்ணை. சாயங்காலம் ஒரு பெண் வாளி நிறைய 'வளைக்கரடிகளை', அதாவது பேட்ஜர் என்ற விலங்குகளை, அள்ளிப் போய்ப் பன்றிகளுக்குக் கொட்டுகிறாள்!

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'பிராக்' (brock). அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எழுதிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் அடுத்த வரிக்குப் போயிருக்கிறார். அந்தப் பக்கத்துப் பேச்சில் பிராக் என்றால் மிச்சம் மீதி, பன்றிக்கு ஊற்றும் கழனி. விலங்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

விலங்கைக் குறிக்கும் பிராக் வேறு. முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டையோடு வளை தோண்டி வாழும் பேட்ஜரின் பழைய பெயர் அது. ஆங்கிலேயரின் முன்னோர் பிரிட்டனில் குடியேறியபோது அங்கிருந்த கெல்டிக் மக்களிடம் வாங்கிக்கொண்டது. ஐரிஷிலும் ஸ்காட்டிஷ் கேலிக்கிலும் இன்றைக்கும் 'ப்ரொக்', வெல்ஷில் 'ப்ரோஹ்'. பழைய ஆங்கிலத்தில் இப்படி வந்த கெல்டிக் சொற்கள் மிகக் குறைவு என்பதால் மொழியியலாளர்களுக்கு இது செல்லப்பிள்ளை.

16ஆம் நூற்றாண்டில் 'பேட்ஜர்' வந்தது. பிராக் மெல்ல வட்டார வழக்குக்குள் ஒதுங்கியது. நாற்றம் பிடித்தவன், அற்பன் என்ற வசையாகவும் நின்றது. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் சர் டோபி ஒளிந்திருந்து மால்வோலியோவைத் திட்டுவது இந்தச் சொல்லால்தான். அங்கே விலங்கின் பெயரை எழுதினால் திட்டில் காரமே இருக்காது.

ஊர்ப்பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். நார்தாம்ப்டன்ஷயரின் பிராக்ஹால் பேட்ஜர் வளையால் பெயர் பெற்ற ஊர். பாலாடைக்கட்டியை மலைச்சரிவில் உருட்டிவிட்டுத் துரத்துவார்களே, அந்தப் பிராக்வொர்த்துக்குப் பெயர் தந்தது ஓடை. அங்கே 'பிராக்' என்பது, ஓடையைக் குறிக்கும் இன்றைய 'புரூக்'கின் (brook) பழைய வடிவம். பழைய ஆவணங்களில் ஊர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, நிலம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இதைத் தீர்மானிக்க முடியாது.

நல்ல அகராதிகளில் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு 1, 2 என்று தனித்தனிப் பதிவுகள் இருக்கும். பக்கத்திலேயே வட்டாரக் குறியும் இருக்கும். இரண்டாவதையும் படியுங்கள். ஸ்காட்ஸ் மொழி அகராதி, வேல்ஸ் பல்கலைக்கழக அகராதி இரண்டும் இணையத்தில் இலவசம்.

அப்புறம், ஸ்காட்லாந்துப் பயண நூல்களில் வரும் 'ப்ராஹ்' இந்தக் குடும்பமே இல்லை. அது 'கோட்டை' என்ற நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது; இரும்புக்கால வட்டக் கல்கோபுரம். ஷெட்லாந்தின் மூசா தீவில் ஒன்று சுமார் 13 மீட்டர் உயரத்துக்கு இன்னும் நிற்கிறது.