எட்டாம் வகுப்பு மேத்ஸ் 35 சதவீதம் என்றால்

நியூஜெர்சியில் ஒரு சிறிய ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தேர்வுத் தரவுகளைப் பார்ப்பது என் வேலை. மிடில் ஸ்கூல் இரண்டே இரண்டுதான். வீடு எங்கே என்பதைப் பொறுத்தே பிள்ளையின் பள்ளி அமைவதால், வீடு தேடும் காலம் வந்தால் தமிழ்ப் பெற்றோர் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அந்த ஸ்கூல்ல எட்டாவது மேத்ஸ் 35 சதவீதம்தான், இங்க 50. அந்தப் பக்கம் வீடு வேண்டாம்தானே?"

அந்த 35 எப்படி வருகிறது என்று பாருங்கள். மாநிலத் தேர்வான என்ஜேஎஸ்எல்ஏ-வில் மதிப்பெண் 650 முதல் 850 வரை. 750 எடுத்தால் அந்த வகுப்புக்குரிய தரத்தை எட்டியதாகக் கணக்கு. ஆனால் வழக்கமாக ஒன்பதாவதில் வரும் ஆல்ஜீப்ரா 1-ஐ (இயற்கணிதம்) எட்டாவதிலேயே படிக்கும் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வை எழுதுவதில்லை. அவர்களுக்கு ஆல்ஜீப்ரா தேர்வு. அதாவது, கணக்கில் முன்னால் நிற்பவர்கள் போக மீதிப் பேரின் சதவீதத்தைத்தான் நாம் பார்க்கிறோம்.

ஓர் உதாரணம். இரண்டு பள்ளியிலும் எட்டாவதில் நூறு நூறு பேர். முதல் பள்ளியில் 40 பேர் ஆல்ஜீப்ரா போகிறார்கள். மீதி 60 பேரில் 21 பேர் தேறினால் 35 சதவீதம். இரண்டாவதில் 15 பேர்தான் ஆல்ஜீப்ரா. மீதி 85 பேரில் 43 பேர் தேறினால் 50 சதவீதத்துக்கும் சற்று மேல். ஆல்ஜீப்ரா பிள்ளைகள் எல்லோரும் தேறியதாக வைத்துக்கொண்டால் முதல் பள்ளியில் 61 பேர், இரண்டாவதில் 58. "மோசமான" பள்ளிதான் ஒரு படி மேலே இருக்கிறது!

சிறிய டிஸ்ட்ரிக்டில் இன்னொரு சிக்கல், ஆள் எண்ணிக்கை. 60 பேர் எழுதும் தேர்வில் மூன்று பிள்ளைகள் 748 எடுத்தாலே ஐந்து சதவீதம் குறைந்துவிடும். அதைப் பார்த்து பள்ளி சரிந்துவிட்டது என்பது நியாயமில்லை. குறைந்தது மூன்று வருட எண்களையாவது சேர்த்துப் பாருங்கள். 2020, 2021 வசந்த காலத்தில் தேர்வே நடக்கவில்லை, அதனால் பழைய வரைபடங்களில் அங்கே இடைவெளி இருக்கும். டிஸ்ட்ரிக்டின் சிறப்புக் கல்வி வகுப்புகள் எல்லாவற்றையும் ஒரே பள்ளியில் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்தப் பள்ளியின் சராசரி குறைவாகத் தெரிய அதுவே காரணமாக இருக்கலாம்.

நான் முதலில் பார்ப்பது வளர்ச்சி எண்ணைத்தான். சென்ற வருடங்களில் இதே மதிப்பெண் எடுத்த மாநிலப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்தப் பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்று 1 முதல் 99 வரை சொல்கிறார்கள். மாநிலம் வெளியிடும் பள்ளி அறிக்கையில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் எண்களின் நடு மதிப்பு இருக்கிறது. வீடு தேடும் இணையதளங்களில் பளிச்சென்று தெரியும் ஒற்றை ரேட்டிங்கோடு நின்றுவிடாமல் அந்த அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

அப்புறம், என்னை உறுத்தும் விஷயம் ஒன்று. அந்த 15 பேர் பள்ளியில் ஆல்ஜீப்ராவுக்குத் தகுதியான பிள்ளைகள் 15 பேர்தானா, இல்லை வகுப்பே ஒன்றுதான் வைத்திருக்கிறார்களா? யாரை எடுப்பது என்பது பெரும்பாலும் ஆறாவது, ஏழாவதிலேயே முடிவாகிவிடுகிறது. கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது, இரண்டு வேலை பார்க்கும் அம்மாவின் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. பள்ளிக்குப் போனால் முதல்வரிடம் இதைக் கேளுங்கள்: ஆல்ஜீப்ராவுக்குப் பிள்ளைகளை எதை வைத்து, எந்த மாதத்தில் தேர்ந்தெடுக்கிறீர்கள்?