ஓடும் ஆட்டம், ஓடும் விலை

2014 ஜூலை 8 அன்று பெலோ ஒரிசாந்தேயில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியின் புள்ளிவிவரத்தை, கோல் கணக்கை மட்டும் மறைத்துவிட்டு யாரிடமாவது காட்டிப் பாருங்கள். பிரேசில் ஜெயித்திருக்கும் என்பார். கோலை நோக்கி பிரேசில் 18 முறை அடித்தது, ஜெர்மனி 14 முறை. பந்தும் அதிக நேரம் பிரேசிலிடமே இருந்தது. ஆனால் முடிவு ஜெர்மனி 7, பிரேசில் 1.

29-ஆவது நிமிடத்திலேயே ஜெர்மனி 5-0 என்று போய்விட்டது. அதற்குப் பின் அவர்களுக்கு என்ன அவசரம்? பந்தை விட்டுக்கொடுத்து, பின்னால் இறங்கி நின்றாலே போதும். தோற்கிற அணிதான் முன்னேறி முன்னேறி அடிக்கும். பிரேசிலின் எண்கள் ஏறியதில் பெரும்பங்கு இப்படி வந்தது. ஆட்டம் நடக்கும்போதே பந்தயம் கட்டுபவர்கள் திரையில் பார்க்கும் 'பந்து வசம் 62 சதவீதம்', 'ஷாட் 11' போன்றவற்றை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அவை ஸ்கோரைத் தீர்மானிப்பதைவிட, பல நேரம் ஸ்கோர்தான் அவற்றைத் தீர்மானிக்கிறது.

பந்தய நிறுவனத்தின் கணினி எங்கிருந்து தொடங்குகிறது? கோல் என்பது அரிதாக, முன்கூட்டிச் சொல்ல முடியாத நேரத்தில் விழும் நிகழ்வு. இப்படிப்பட்டவற்றை எண்ணுவதற்கு 'பாய்சான் பரவல்' என்ற பழைய கணிதக் கருவி இருக்கிறது. 1982-இல் மைக்கேல் மேகர் என்ற ஆய்வாளர், ஒவ்வோர் அணிக்கும் தாக்கும் வலிமை ஒன்று, தடுக்கும் வலிமை ஒன்று என்று வைத்துக்கொண்டால் இந்தப் பரவல் கால்பந்து ஸ்கோர்களுக்கு ஓரளவு நன்றாகவே பொருந்தும் என்று காட்டினார். மார்க் டிக்சனும் ஸ்டூவர்ட் கோல்ஸும் 1997-இல் 0-0, 1-1 போன்ற சிறிய ஸ்கோர்களுக்குத் திருத்தம் செய்தார்கள். மறு ஆண்டு டிக்சனும் மைக்கேல் ராபின்சனும் எடுத்து வைத்த அடிதான் நம் விஷயத்துக்கு முக்கியம். கோல் விழும் வேகம் ஆட்டம் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. நேரம் போகப்போகக் கூடுகிறது, அப்போதைய ஸ்கோரைப் பொறுத்தும் மாறுகிறது என்றார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக 2.7 கோல் எதிர்பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில், ஒரு கோலாவது விழும் வாய்ப்பு 93 சதவீதம். 60-ஆவது நிமிடத்திலும் 0-0 என்றால், மீதி நேரத்துக்கு எதிர்பார்ப்பது சுமார் 0.9 கோல், வாய்ப்பு 59 சதவீதம். 75-ஆவது நிமிடத்தில் 36 சதவீதம். மைதானத்தில் எதுவுமே நடக்காவிட்டாலும் பந்தய விலை, அதாவது ஜெயித்தால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண், நகர்ந்துகொண்டே இருப்பது இதனால்தான். கடிகாரத்துக்கு நிகரான புள்ளிவிவரம் வேறு கிடையாது என்பேன். அதற்கு அடுத்த இடம் சிவப்பு அட்டைக்கு. பத்துப் பேராகிவிட்ட அணியின் கோல் வேகம் குறையும், எதிரணியின் வேகம் நன்றாகவே ஏறும்.

அப்படியானால் ஷாட்டுகளுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, எண்ணிக்கைக்கு அல்ல, தரத்துக்கு. 'எக்ஸ்ஜி' எனப்படும் எதிர்பார்ப்பு கோல் கணக்கு இதைத்தான் அளக்கிறது. எவ்வளவு தூரம், எந்தக் கோணம், காலா தலையா என்று பார்த்து, அதுபோன்ற ஆயிரக்கணக்கான பழைய ஷாட்டுகளில் எத்தனை கோலாயின என்பதிலிருந்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு மதிப்பு தருகிறார்கள். பெனால்டிக்கு ஏறக்குறைய 0.78. பெனால்டி பெட்டிக்கு வெளியே வெகு தொலைவிலிருந்து அடித்தால் 0.04 கிடைத்தாலே நல்லது. அப்படிப் பத்து ஷாட் அடித்தாலும் ஒரு கோலாவது விழும் வாய்ப்பு 34 சதவீதம்தான். ஒற்றைப் பெனால்டியில் பாதிகூட இல்லை.

நல்ல தரமான ஷாட்டுகளே வந்தாலும் ஒரு சிக்கல். ஒரு மணி நேர ஆட்டம் என்பது மிகச் சிறிய மாதிரி. அந்த அணியைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் தெரிந்துகொண்டதை அந்த ஒரு மணி நேரத்துக்காகத் தூக்கி எறிய முடியாது. ஆகவே நிறுவனத்தின் கணினி பழைய மதிப்பீட்டைக் கொஞ்சம்தான் நகர்த்தும். முன் சொன்ன 0.9 என்பது 1.0 ஆகலாம். வாய்ப்பு 59-இலிருந்து 63 சதவீதமாக ஏறும். பார்ப்பவர் மனதிலோ 'இதோ கோல் விழப்போகிறது' என்று அது 80-ஐத் தாண்டியிருக்கும். இந்த இடைவெளியில்தான் பணம் கரைகிறது.

நேரமும் எதிராக நிற்கிறது. மைதானத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நிகழ்வையும் உடனுக்குடன் பதிவு செய்து அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தத் தரவுக்கு எவ்வளவு மதிப்பு என்றால், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து லீக்குகளின் தரவை நிர்வகிக்கும் ஃபுட்பால் டேட்டாகோ, அதைத் தங்களிடமிருந்து எடுத்தார்கள் என்று ஸ்போர்ட்ரேடார் என்ற விளையாட்டுத் தரவு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. வீட்டில் இணையத்தில் பார்ப்பவருக்குக் காட்சி பல நொடிகள், சில சமயம் அரை நிமிடம் தாமதமாகவே வருகிறது. பந்தயம் கட்டப் பொத்தானை அழுத்தினாலும், ஏற்பதற்கு முன் சில நொடி நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் ஆபத்தான தாக்குதல் ஒன்று நடந்தால், பந்தயம் ஏற்பதையே தற்காலிகமாக நிறுத்திவிடுவார்கள்.

இனி விலைக்கு வருவோம். 59 சதவீத வாய்ப்புக்கு நியாயமான விலை 1.69, அதாவது 100 பவுண்டு கட்டி ஜெயித்தால் 169 கையில் வர வேண்டும். நிறுவனம் தன் லாபத்தை வைத்து 1.60 தரும் என்று கொள்வோம். அதில் நட்டமில்லாமல் இருக்கவே 62.5 சதவீதம் வேண்டும். ஷாட்டுகளைப் பார்த்து நீங்கள் கண்டுபிடித்த 63 சதவீதம் அதைத் தாண்டுகிறதே என்று தோன்றும். ஆனால் அதே ஷாட்டுகள் உங்களுக்கு முன்பே அவர்கள் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. விலை இப்போது 1.50. கட்டுகிற ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் சராசரியாகத் திரும்பி வருவது 95.